நடைவழியில் மூன்று சக்கரம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு காகிதம் எழுதினேன், அது மோசமாகப் போய்விட்டது. மோசமான காகிதத்தை எழுதியவன் அதை மூடி மறைக்க நல்ல கதை ஒன்று எழுதப் பார்க்கிறான். பிறப்பு இவ்வளவு கேவலமானது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட முடியாது.

எங்கள் மாவட்டத்தில் எழுத்தாளன் என்றால் மனு எழுதுகிறவன். நாலு புத்தகம் போட்டிருக்கிறேன் என்றால், "அப்ப பட்டாவுக்கு ஒரு அப்ளிகேஷன் எழுதித் தாருங்க" என்பார்கள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வருவதில்லை. நாலு புத்தகத்தையும் படித்தவர்களைவிட என் மனுக்களைப் படித்த குமாஸ்தாக்கள் அதிகம்.

கதை ஒரு தள்ளுவண்டியைப் பற்றியது. (தள்ளுவண்டி என்றதும் உங்கள் மூக்கில் கடலை வறுக்கும் வாசம் வந்திருக்கும். குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டிக்குத் தனியாக ஒரு சொல் செய்துகொள்ளாத மொழியில் நான் என்ன செய்ய?) வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் ஸ்ட்ரோலர் என்கிறார்கள். லீமா 'பிள்ளை வண்டி' என்கிறாள். அந்த 'வண்டி'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதற்குள் போகக்கூடாது, தொடக்கம் இன்னும் அமையவில்லை.

முதல் தொடக்கம்: "மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரப்பர் இலைகளின் நுனியில்—"

வேண்டாம். இங்கே மழை விடட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கதையும் தொடங்காது.

இரண்டாம் தொடக்கம்: "சேறு என்பது மண்ணும் நீரும் செய்துகொண்ட—"

இதை எழுதிய கையை உடைக்க வேண்டும். சேற்றில் விழுந்து எழும்பியவர்கள் யாரும் 'சேறு என்பது' என்று ஆரம்பிப்பதில்லை.

மூன்றாம் தொடக்கம்: "லீமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது."

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

2

லீமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் என் சித்தப்பா மகள். குளச்சல் மணலில் வளர்ந்து, பத்மநாபபுரத்துக்கு வடக்கே ரப்பர் விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, நடுவே ஒரு வீட்டுக்குக் கல்யாணமாகிப் போனவள். (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். யாரிடமிருந்து என்பது நாலாம் பகுதியில் தெரியும்.) கணவன் யூஜின் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மகள் பெபிஷாவுக்கு நாலு வயது, பதினைந்து கிலோ. பிறந்ததிலிருந்து கால் உறைக்கவில்லை. நிறுத்தினால் முழங்கால் மடங்கிவிடும். பயிற்சி செய்தால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயிற்சிக்குத்தான் தினமும் காலையில் எட்டேகாலுக்குத் தார்ரோட்டில் ஒரு வேன் வந்து நிற்கும். இரண்டு நிமிடம் நிற்கும், பிறகு போய்விடும். வீட்டிலிருந்து ரோட்டுக்கு முந்நூறு மீட்டர், அதுவும் அடுத்தவர் ரப்பர் விளைக்குள்ளே போகும் மூன்றடி அகல வழி. ஏற்றம், இறக்கம், வேர், பிறகு செளி.*

* செளி: சேறுதான். ஆனால் சேறு காலில் ஒட்டும், செளி காலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஆடி மாதம் வாருங்கள், செருப்பைக் கொண்டுவராதீர்கள்.

ஒரு நாள் காலையில் பெபிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு லீமா விழுந்தாள். குழந்தை அடிபடக்கூடாது என்று முழங்கையை ஊன்றி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. லீமா ஒன்பது நாள் படுத்துக் கிடந்தாள், ஒன்பது நாளும் வேன் வந்து நின்று போயிற்று. இனிமேல் அரிசிச் சாக்குகூடத் தூக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்போதுதான் வண்டிப் பேச்சு வந்தது.

யூஜின் ஏழு வீடியோ அனுப்பினான். எல்லாவற்றிலும் ஒரு தாடிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுப் பாதையில் ஓடுகிறார். எந்த நிலத்துக்கும் ஏற்ற வண்டி என்கிறார். வழியில் ஒரே ஒரு குட்டை, அளவெடுத்து ஊற்றிவைத்தது போல. அதில் சக்கரத்தை விட்டு அழகாகத் தண்ணீர் தெறிக்க வைக்கிறார். அவர் ஓடுகிற அந்தக் காட்டுப் பாதை எங்கள் ஊரில் இருந்தால் அமைச்சர் வந்து நெடுஞ்சாலை என்று ரிப்பன் வெட்டுவார்.

"மூணு வீலு, ஏரு டயரு, சஸ்பென்ஷன் உண்டு. கைப்பிடியில கப்பு வைக்க எடமும் உண்டு, கேட்டியா," என்றான் யூஜின் போனில்.

"கப்பு எதுக்கு?"

"காப்பி குடிக்கதுக்கு."

"ரெண்டு கையும் தள்ளுததுக்கு வேணும். காப்பி எந்தக் கையில குடிக்கது?"

அவன் அறைக்குக் கீழே நடைபாதையில் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான், அவர்கள் காப்பி குடித்திருக்கிறார்கள். பாவம், அவன் கண்ட உலகத்தில் கப்பு நியாயமானதுதான்.

3

இந்தப் பகுதியில் நான் இல்லை. லீமா சொன்னதைத்தான் எழுதுகிறேன். எழுத்தாளர்கள் இல்லாத இடங்களில்தான் உருப்படியான காரியங்கள் நடக்கின்றன.

கோட்டாறில் கமருதீன் என்பவர் குழந்தைச் சாமான் கடை வைத்திருக்கிறார். லீமா பெபிஷாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரில் இரண்டு கிலோ செளியும் கொண்டுபோனாள். அந்த வழியிலிருந்து அன்று காலையில் அள்ளியது, காய்ந்துவிடக் கூடாதென்று வாயைக் கட்டியிருந்தாள்.

"வா மோளே. பிள்ளைக்கு எத்தன மாசம்?"

"நாலு வயசு."

கமருதீன் பெபிஷாவின் கால்களைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. முயல் படம் போட்ட ஒரு வண்டியை இழுத்து வைத்து, ஒரு கையால் மடக்கலாம், விமானத்தில் கொண்டுபோகலாம் என்றார். லீமா குனிந்து கவரை அவிழ்த்து, ஒரு உருண்டை செளியை எடுத்து முன்சக்கரத்தில் அப்பினாள்.

"மோளே, என்ன காட்டுத?"

"எங்க வழியில கெடக்கப்பட்ட செளி. உருளுதான்னு பாக்கேன்."

"கடையில வச்சு செளி பூசினா பெறவு இத யாரு வாங்குவா?"

"பூசாம நான் வாங்க மாட்டேன்."

உருளவில்லை. சின்னச் சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. செளி நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முயல் சிரித்துக்கொண்டே நின்றது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது உருண்டது, ஆனால் முன்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. நாலாவது வண்டி வருவதற்குள் கமருதீனுக்கே ருசி பிடித்துவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டி, ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியுமாகத் தரையில் உட்கார்ந்தார். சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கிற கவைக்கும் நடுவே இரண்டு விரல் போனால்தான் செளி வழுகி விழும் என்று லீமாவும், முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்ட முடிய வேண்டும் என்று கமருதீனும் கண்டுபிடித்தார்கள். தாடிக்காரர் ஏழு வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கப்பு முக்கியம்.

கடைசியில் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். மூன்று சக்கரம், பின்னிரண்டும் குழந்தை சைக்கிள் சக்கரம் அளவு, வாடின வாழையிலைப் பச்சை நிறம். துபாய்க்காரர் ஒருவர் வரவழைத்து, வீட்டம்மாவுக்கு நிறம் பிடிக்காமல் திருப்பிவிட்டது. இரண்டு கை நிறையச் செளியை அப்பியும் உருண்டது. அகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். இருபத்திரண்டு கிலோ வரை தாங்கும். பிரேக் காலால் மிதிப்பது. பெபிஷா ஏறி இருந்து, இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கமருதீன் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நாலு வயசுன்னா மோளே, மருந்துக்கடைப் பக்கம் வேற ஒரு சாமான் உண்டு. வீலு வச்ச சேரு. பெறவு அதுதான—"

"வேண்டாம். பிள்ளை வண்டி மதி, அது போதும்."

லீமா இதை என்னிடம் சொன்னபோது நான் விலையைப் பற்றித்தான் கேட்டேன். அவ்வளவுதான் என் கூர்மை.

4

முதல் நாள் காலை. வண்டி வேரில் ஏறிற்று, இறங்கிற்று, செளியில் முனகிற்று, நிற்கவில்லை. லீமாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேனுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ரோட்டின் பக்கம் வந்துவிட்டாள். அங்கே விளைக்குச் சொந்தக்காரியான நேசம்மாள் டீச்சர், பால் பாத்திரத்தோடு நின்றார்.

"ஏட்டி லீமா, இது என்னது?"

"பிள்ளை வண்டி, டீச்சர்."

"வண்டி," என்றார் டீச்சர். ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வது போல.

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஜெபத்தைத் தப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு, பிரமாணத்தைத் தப்பாகச் சொல்கிறவர்கள் கிடையாது. பிரமாணம் என்றால் நிலப் பத்திரம். அதில் வழி இரண்டு வகை. நடைவழி என்றால் ஆள் நடக்கலாம், சுமக்கலாம், சவம் கொண்டுபோகலாம். வண்டிவழி என்றால் சக்கரம் உருளலாம். இந்த ஒரு சொல்லுக்காக அண்ணன் தம்பி பேசாமல் செத்திருக்கிறார்கள். லீமா மட்டும் 'ஸ்ட்ரோலர்' என்று சொல்லித் தொலைத்திருந்தால், அது எந்த வகை என்று யோசித்துக்கொண்டே டீச்சர் பால் காய்ச்சப் போயிருப்பார். கடற்கரையில் பிறந்தவளுக்கு மணலில் எது நடை, எது வண்டி?

"பிரமாணத்துல நடைவழின்னுதான் எழுதியிருக்கு. வண்டி கொண்டுபோவ பாத்தியம் இல்லன்னு பிரிச்சு எழுதியிருக்கு. ஒனக்குத் தெரியாதா?"

"பிள்ளைய வச்சு தள்ளுதது டீச்சர். காளை கெட்டியா கொண்டு வந்தேன்?"

"இன்னைக்குப் பிள்ளைய தள்ளுவ. நாளைக்கு ஒனக்க மாப்பிள வந்து பைக்கு ஓட்டுவான். மறுவருசம் காரு. எனக்க அண்ணனுக்கு ரெண்டடி நெலம் போனது ஒரு சைக்கிள்ல தொடங்கினது. நாளையிலேருந்து வண்டி வந்தா வழி நடுவுல ஒரு கல்லு நட்டிருவேன். ஆளு போவும். வண்டி போவாது."

கல் ஏற்கெனவே வேலி ஓரத்தில் கிடந்தது, முழங்கால் உயரம். டீச்சர் வெறும்பேச்சு பேசுகிறவர் அல்ல.

(டீச்சரை ஒரு வில்லியாக எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம் வந்தது, சுகமாகவும் இருந்தது. ஆனால் லீமா படுத்துக் கிடந்த ஒன்பது நாளும் கஞ்சி கொண்டுவந்தவர் இந்த டீச்சர்தான். பெபிஷாவிடம் அவருக்கு அன்பு உண்டு. தன் சர்வே எண்ணிடம் அதைவிட அன்பு. இப்படிப்பட்டவரை வில்லியாக்கினால் மாவட்டத்தில் பாதிப்பேரை ஆக்க வேண்டும். கிழித்துவிட்டேன்.)

5

இப்போது நான் வருகிறேன். காரியம் கெடத் தொடங்குவது இங்கேதான்.

சமாதானம் பேச டீச்சர் வீட்டுக்குப் போனேன். என்னுடைய இரண்டாவது புத்தகத்தைச் சிவப்பு மையால் திருத்தித் தபாலில் திருப்பி அனுப்பியவர் அவர். நூற்றுப் பதினான்கு பிழை. ஆனாலும் காப்பி கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் நான் ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தேன். வண்டி என்றால்தானே வழக்கு? அதை நாற்காலி ஆக்கிவிடலாம். டீச்சரும் ஒப்புக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்:

"நடக்க இயலாத என் மகள் பெபிஷாவைச் சக்கர நாற்காலியில் இருத்தி மேற்படி நடைவழியே கொண்டுபோக நேசம்மாள் அவர்கள் மனிதாபிமான அடிப்படையில் அனுமதித்துள்ளார். இதனால் எனக்கு வண்டிவழிப் பாத்தியம் ஏதும் உண்டாகாது. இப்படிக்கு, லீமா."

டீச்சர் படித்தார். பிழை இல்லை என்றார். வாழ்நாளில் அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு. "கையெழுத்து வாங்கிட்டு வாரும். ஒரு எழுத்து மாறினா அந்தக் கல்லு நிக்கும்," என்றார்.

பரிசு வாங்கியவன் மாதிரி லீமா வீட்டுக்கு நடந்தேன். அவள் வாசித்தாள். இரண்டு வரிதான், நெடுநேரம் வாசித்தாள்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"நடக்க இயலாதன்னு டாக்டரு சொல்லல்ல. நீங்க எப்பிடி சொன்னிய?"

"அது சும்மா, சட்டத்துக்கு ஒரு வார்த்தை, லீமா. வழி கெடைக்கும் இல்லியா?"

"சும்மா ஒரு வார்த்தை." அவள் காகிதத்தை மடித்தாள். "ஒரு வார்த்தை சரியா வரல்லன்னு நாலு நாளா சோறு எறங்கல்லன்னு போன மாசம் எனக்கிட்ட சொன்னது நீங்கதான?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் பக்க ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"பிள்ளை வண்டியில எல்லா பிள்ளையளும் இருக்கும் அண்ணா. இருந்துட்டு ஒரு நாளு எறங்கிப் போவும். இவளும் அதுல இருக்கட்டும். நீங்க எழுதின சேருல இருத்தினா ஊரு இவள எறங்க விடாது. நானும், நானும் நம்பிப்போடுவேன். எனக்கு அதுதான் பயம்."

(சக்கர நாற்காலியில் எந்தக் குறையும் இல்லை. டாக்டர் வேண்டும் என்று சொல்கிற நாள் வந்தால் லீமா அதையும் செளி பூசிப் பார்த்துத்தான் வாங்குவாள். அன்றைக்கு அந்தச் சொல்லை அவள் எழுதட்டும். ஒரு கப் காப்பிக்கும் ஒரு பாராட்டுக்கும் அதை இன்றைக்கே எழுதிவிட்டவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அலங்காரமாகச் சொல்ல வரவில்லை.)

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று: டீச்சர் மனம் இளகுகிறார். பெபிஷா வண்டியிலிருந்து கை நீட்டி, "இது வண்டி இல்ல டீச்சர், எனக்க காலு" என்கிறாள். டீச்சர் கண் கலங்கிக் கல்லை உருட்டிவிடுகிறார். பத்திரிகைக்காரர்கள் படம் போட்டு வெளியிடுவார்கள். லீமாவிடம் படித்துக் காட்டினேன்.

"அவ அப்பிடி ஒண்ணும் சொல்லல்ல. மிச்சரு வேணும்னு அழுதா," என்றாள்.

இரண்டு: லீமா கோர்ட்டுக்குப் போகிறாள். பிள்ளை வண்டி, வண்டி அல்ல என்று தீர்ப்பு வருகிறது. அதற்குள் பெபிஷாவுக்கு அறுபது வயது. இது நகைச்சுவை அல்ல, சாதாரணக் கணக்கு.

மூன்று: தார்ரோடு போட்டுத் தருகிறார்கள். (நீங்கள் சிரித்துவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்.)

நாலாவதாக ஒன்று தொடங்கினேன். "அந்தக் காகிதத்தில் லீமா கையெழுத்து—"

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவளே முடித்துவிட்டாள்.

7

இன்று காலை ஏழேகாலுக்கு லீமா அந்தக் காகிதத்தை என்னிடம் தந்தாள். 'இயலாத' என்பதை அடித்து மேலே 'பழகுகிற' என்று எழுதியிருந்தாள். 'நாற்காலியில்' என்பதற்கு மேல் 'பிள்ளை வண்டியில்'. 'சக்கர' என்பதையும் விடவில்லை, குறுக்கே ஒரு கோடு. மற்றதெல்லாம் அப்படியே. பாத்தியம் கேட்கவில்லை, சண்டைக்கும் போகவில்லை. கீழே பெயர், தேதி. குண்டு குண்டான எழுத்து, சாய்ந்து போயிருக்கிறது. என் நாலு புத்தகத்திலும் இப்படி ஒரு திருத்தம் இல்லை.

"கல்லு நட்டா?" என்று கேட்டேன்.

"நட்டா பிள்ளைய தூக்குவேன்."

"டாக்டரு தூக்கக்கூடாதுன்னு—"

"விழுவேன். பெறவு எந்திப்பேன். இத கொண்டு குடுங்க அண்ணா."

கொண்டுவந்திருக்கிறேன். டீச்சர் வீட்டு கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறேன். கேட் திறந்திருக்கிறது. உள்ளே அவர் செய்தித்தாளில் பிழை தேடிக்கொண்டிருக்கிறார், சிவப்புப் பேனா கையில் இருக்கிறது. நான் கொடுத்தால் முதலில் அடித்தல் திருத்தலைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் உடனே, "அவளுக்குப் புரியல்ல டீச்சர், நான் வேற எழுதித் தாறேன்" என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே நீங்கள் போங்கள். இவ்வளவு தூரம் சும்மா உட்கார்ந்து வந்தீர்கள், செளி ஒரு பொட்டுகூட உங்கள் காலில் படவில்லை. இந்தாருங்கள், பிடியுங்கள். மடிக்காமல் கொடுங்கள். அவர் 'பழகுகிற' என்ற இடத்துக்கு வரும்போது ஒன்றும் பேசாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள், முக்கியமாக மனிதாபிமானம் என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, நானே சொல்கிறேன். வழியின் அந்தக் கோடியில் லீமா பிள்ளையை வண்டியில் இருத்தி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.